குளிர் மலையில் எஞ்சினுக்குச் சூடான காற்று: தேவை எவ்வளவு, ஆசை எவ்வளவு?

காணி இருந்த காலத்தில் ஒரு குடும்பத்தின் பலம் காணியில் இருந்தது. காணியை விட்டு வந்தபின் அந்தப் பலம் வேறொன்றுக்கு மாறுகிறது. சிலருக்கு அது தையல் இயந்திரம், சிலருக்கு ஒரு கறவைப் பசு. இன்னும் சிலருக்கு, கடன்பட்டு வாங்கிய ஒரு பழைய வான் அல்லது கார். விடியுமுன் அது உயிர்பெற்றால்தான் மரக்கறி சந்தைக்குப் போகும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவார். ஆகவே அந்த எஞ்சினின் நலம் குடும்பத்தின் நலம்.

பழைய பெற்றோல் வாகனம் வைத்திருப்போரிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. எஞ்சின் இழுக்கும் காற்றைப் புகைக்குழாயின் சூட்டால் சூடாக்கிக் கொடுத்தால் வண்டி இலகுவில் ஸ்டார்ட் ஆகும், பெற்றோல் பாதியாகக் குறையும் என்பதே அந்தப் பேச்சு. ஒரு தகரமும் ஒரு குழாயும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பார்கள். இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் வண்டியில் கை வைப்பது நல்லதல்ல என்பது எமது கருத்து.

முதலில் உண்மையைப் பார்ப்போம். வட்டவளை இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதுண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில், மேற்குச் சரிவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இதன் மேல் நேராக வந்து மோதுகிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை காற்று முழுவதும் ஈரம்தான். அந்த ஈரக் குளிர் காற்றைத்தான் எமது எஞ்சின்களும் சுவாசிக்கின்றன.

காபரேட்டர் உள்ள எஞ்சினில் பெற்றோல் திரவமாகவே காற்றோடு கலக்கிறது. திரவம் அப்படியே எரியாது. ஆவியான பின்புதான் எரியும். ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் பறித்துக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வது இதே காரணத்தால்தான். காபரேட்டரின் உட்கழுத்தில் வெப்பம் இப்படி 20 பாகைக்கு மேலும் இறங்கக்கூடும். வெளியே 18 பாகை செல்சியஸ் இருக்கும்போதே உள்ளே காற்றிலிருக்கும் ஈரம் பனிக்கட்டியாகப் படியலாம் என்பது ஆச்சரியமாகத் தோன்றும். ஆனால் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு இது பாலபாடம். வெப்பம் 21 பாகைக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 80க்கு மேல் ஏறினால் காபரேட்டரில் பனி பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. மழைக்கால விடியற்காலையில் வட்டவளைக் காற்று இந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

பனி பிடிக்காவிட்டாலும் இன்னொரு நட்டம் உண்டு. குளிரில் பெற்றோல் முழுதும் ஆவியாவதில்லை. அதனால்தான் சோக் இழுத்து அதிக பெற்றோல் ஊட்டுகிறோம். ஆவியாகாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலுக்குள் இறங்குகிறது. பெற்றோலும் வீண், ஒயிலும் கெடுகிறது, தேய்மானமும் கூடுகிறது. சோக்கை எவ்வளவு விரைவில் உள்ளே தள்ள முடிகிறதோ அவ்வளவுக்கு நன்மை. சூடான காற்று செய்யும் மெய்யான உதவி இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நல்ல வெயில் காலத்தில் கொழுந்தை வாட்ட வெறும் காற்றே போதும். மழைக்காலத்தில் ஈரக் காற்றை எவ்வளவு வீசினாலும் கொழுந்து வாடாது. ஆகவே சூடான காற்றை அளவோடு கலந்து விடுகிறார்கள். கொஞ்சம் கூடிவிட்டால் கொழுந்து கெட்டுவிடும். வேளையும் அளவும் அறிந்து திறப்பதும் மூடுவதும்தான் அந்த வேலையின் திறமை. எஞ்சினுக்கும் அதே நியாயம்.

வாகனம் செய்தவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். எமது வீதிகளில் நெடுங்காலம் ஓடிய பிரித்தானியச் சிறு கார்கள் சிலவற்றில் காற்று வடிகட்டியின் மூக்கைத் திருப்பி வைக்க வசதி இருந்தது. குளிர்காலத்தில் மூக்குப் புகைக்குழாயின் பக்கம் பார்க்கும், கோடையில் விலகிப் பார்க்கும். பின்னாளில் வந்த கார்களில் சூட்டை உணர்ந்து தானாகவே திறந்து மூடும் சிறு கதவு வைத்தார்கள். உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 40 பாகையில் நிற்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். எனவே வீட்டில் நாம் செய்யக்கூடியது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பழைய வண்டியில் கழன்று தொலைந்துபோன ஓர் உறுப்பைத் திரும்பவும் கொடுப்பதே.

இனி, எமது வாசகர்களில் பலர் நேரில் அறிந்த ஒரு வரலாற்றுக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிளும் காரும் உழவு இயந்திரமும் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சிறு போத்தலில் காத்து வைத்த சில துளிப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை இயக்கினார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் வெண்புகை கக்கிக்கொண்டு யாழ்ப்பாண வீதிகளில் ஓடின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோதும் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தன.

அவர்களுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து என்றே நாம் நினைக்கிறோம். மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரத்தை வடக்கின் விவசாயி நன்கு அறிவார். பெற்றோலில் தொடக்கவேண்டும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிறு இழுத்துக் கை ஓய்ந்துவிடும். வன்னியில் பலரும் பாவித்த மசி பெர்குசனின் முன்னோடியான பெர்குசன் உழவு இயந்திரத்திலும் 1949 முதல் இப்படி ஒரு வகை இருந்தது. மண்ணெண்ணெயைச் சார்ந்த ஓர் எண்ணெயில் அது ஓடியது. தொடக்குவதற்குப் பெற்றோல் தாங்கி தனியே இருந்தது. புகைக்குழாயின் சூடு எரிபொருளுக்குப் போய்ச் சேரும்படியாகவே அதன் குழாய்கள் வார்க்கப்பட்டிருந்தன.

ஏன் இவ்வளவு சூடு? பெற்றோல் 40 பாகையை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகையில்தான். சூடு கொடுக்காவிட்டால் அது துளியாகவே உள்ளே போகும், எரியாமலே வெளியே வரும். அந்த வெண்புகை எரியாத மண்ணெண்ணெய்தான்.

இந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதன் விலையையும் சொல்லவேண்டும். மண்ணெண்ணெய்க்குத் தட்டலைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. பெற்றோலுக்கென அழுத்தம் வைத்துச் செய்த எஞ்சினில் அது தட்டும், பிஸ்டனைச் சேதப்படுத்தும். எரியாத எண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கிலும் வால்விலும் கரி படியும். அந்நாளில் வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கும்போது பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது சிக்கனம் அல்ல. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. மலிவான எண்ணெய் எப்போதும் மலிவாகவே இருக்கும் என்று நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே எமது கருத்து இது: மண்ணெண்ணெயை விட்டுவிடுவோம், அந்த நாட்களில் கற்ற சூட்டின் பாடத்தை வைத்துக்கொள்வோம்.

காபரேட்டர் உள்ள பழைய பெற்றோல் எஞ்சினுக்குச் சூடான காற்று வழி ஒன்றை எப்படி அமைப்பது? பெரிய செலவு இல்லை. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தின் மேல் ஒரு தகரக் கூடு கவிக்கவேண்டும். கெட்டியான எண்ணெய்த் தகரத்தை வெட்டி வளைத்துச் செய்யலாம். கூட்டின் கீழ் விளிம்பு திறந்தே இருக்கட்டும். அவ்வழியே காற்று நுழைந்து, சூடான இரும்பைத் தடவி மேலே வரும். கூட்டின் மேலே ஒரு துளையிட்டு, வளையக்கூடிய உலோகக் குழாய் ஒன்றால் காற்று வடிகட்டியின் மூக்கோடு இணைக்கவேண்டும். குழாயின் வாய் மூக்கின் வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. சிறிதானால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும்.

இனி, விடக்கூடாதவை ஐந்து. முதலாவது, காற்று எப்போதும் வடிகட்டியின் ஊடாகவே போகவேண்டும். வடிகட்டியைத் தாண்டி நேரே காபரேட்டருக்குக் குழாய் விட்டால் தூசு எஞ்சினை அரைத்துவிடும். இரண்டாவது, பிளாஸ்டிக் குழாயோ சாதாரண ரப்பர்க் குழாயோ புகைக்குழாய்க்குக் கிட்டவே வரக் கூடாது. உருகும், தீப்பிடிக்கும். மூன்றாவது, பெற்றோல் குழாயும் மின் கம்பிகளும் கூட்டிலிருந்து விலகி இருக்கவேண்டும். பெற்றோல் கசிவு சிறிதேனும் இருந்தால் அதை முதலில் திருத்தாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். நான்காவது, புகைக்குழாய் சேருமிடத்தில் புகை கசிகிறதா என்று பார்க்கவேண்டும். கசிந்தால் எஞ்சின் தன் புகையைத் தானே உறிஞ்சும், அந்த நச்சுப் புகை வண்டிக்குள்ளும் வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லாத ஒரு பகுதி உண்டு, அதுதான் ஆளைக் கொல்வது. கதவடைத்த கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. ஐந்தாவது, கூடும் குழாயும் அசையாமல் இறுகியிருக்கவேண்டும். மலைப் பாதையின் குலுக்கலில் கழன்று விழும் தகரம் அக்சிலேட்டர் கம்பியில் சிக்கினால் வண்டி நிற்காது. அக்சிலேட்டர் தடையின்றித் திரும்புகிறதா என்று வேலை முடிந்ததும் பல தடவை மிதித்துப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அடைக்கும் கதவு. சூடான வழியை மூடிக் குளிர்ந்த வழியைத் திறக்க ஒரு தட்டு இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம் என்று நாம் அழுத்திச் சொல்கிறோம். காரணம் எளிய கணக்கு. சூடான காற்று ஐதானது. 20 பாகையில் இருந்த காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதே இடத்தில் அடங்கும் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு குறையும். 60 பாகைக்கு ஏற்றினால் 12 பங்கு குறையும். மலையில் காற்று ஏற்கெனவே ஐது. கடற்கரையில் 100 பங்கு காற்றை இழுக்கும் எஞ்சின் 1000 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 89 பங்கையே இழுக்கிறது. அதையும் 40 பாகைக்குச் சூடாக்கினால் 83 பங்காகும். காற்றுக் குறைந்தால் பலமும் குறையும். கினிகத்தேனையிலிருந்து வட்டவளைக்கும் அங்கிருந்து ஹட்டனுக்கும் பாரம் ஏற்றிக்கொண்டு ஏறும் வண்டிக்கு அந்த ஆறு பங்கு இருந்தால்தான் ஏற்றம் முடியும். ஆகவே விடியலில் தொடக்கவும், எஞ்சின் சூடேறும் வரைக்கும், மழை மூட்டத்தில் மெதுவாக ஓடவும் சூடான வழி. ஏற்றத்துக்கும், வெயிலுக்கும், பாரத்துக்கும் குளிர்ந்த வழி. சிறு விமானத்தில்கூடச் சூடான காற்றுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தவுடன் எஞ்சினின் பலம் சற்று இறங்குவதை விமானி அறிவார். தேவை முடிந்ததும் தள்ளி மூடிவிடுவார்.

பெற்றோல் பாதியாகக் குறையும் என்ற பேச்சை நம்பவேண்டாம். சோக் பாவிக்கும் நேரம் குறைவதால் சிறு மிச்சம் வரும். குறுகிய தூரம் அடிக்கடி ஓடி நிறுத்தும் வண்டிக்கு அது தெரியும். நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு அநேகமாகத் தெரியாது. பிறர் சொல்வதைக் கேட்பதைவிட அளந்து பார்ப்பது மேல். தாங்கியை நிரப்பி, ஒரே பாதையில், ஒரே அளவு பாரத்தோடு ஒரு கிழமை ஓடி, மீண்டும் நிரப்பிக் கணக்கெழுதுங்கள். கூடு பூட்டிய பின்பும் அதையே செய்யுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை செய்தால்தான் கணக்கு நிற்கும். பத்திரிகையில் வரும் கட்டுரையைவிட உங்கள் கொப்பியில் உள்ள கணக்கு உங்களுக்கு நம்பத்தகுந்தது.

டீசல் வாகனத்துக்கும், லாண்ட்மாஸ்டருக்கும் இது வேண்டாம். டீசல் எஞ்சின் காற்றை அழுத்தியே சூடாக்குகிறது. அதற்கு வேண்டியது நிறைந்த, குளிர்ந்த காற்று. ஐதான காற்றைக் கொடுத்தால் கரும்புகைதான் கூடும். காபரேட்டர் இல்லாத புதிய பெற்றோல் வாகனங்களுக்கும் வேண்டாம். அவை காற்றின் வெப்பத்தை அளந்து தாமே பெற்றோலைக் கூட்டிக் குறைக்கின்றன. அவற்றில் தகரம் பூட்டினால் கெடுதலே மிஞ்சும். பழைய வண்டியாயினும் பிளக், இக்னிஷன் நேரம், வால்வு இடைவெளி, வடிகட்டி, டயர்க் காற்று ஆகியவை சரியாக இல்லாதபோது சூடான காற்று எதையும் திருத்தாது. கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பதில் பயனில்லை.

2022 ஜூலையில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதத்தில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டிருந்தது. நாட்டின் பல பகுதி மக்களுக்கு அது புதிய அனுபவம். வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு அது பழைய பாடம். போத்தலில் துளித்துளியாகப் பெற்றோல் காத்தவர்கள் அவர்கள்.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் பெரிய விடயம் இருக்கிறது. 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் காணி செய்தவர்கள் எமது மக்கள். அந்தக் காணியிலிருந்தும் போர் அவர்களை ஒரு தடவைக்கு மேல் பெயர்த்தது. 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் போனபோது வீடும் மாடும் உழவு இயந்திரமும் பின்னால் நின்றன. கையில் இருந்த தொழிலறிவு மட்டும் கூடவே வந்தது. இன்றும் அது பலரிடம் இருக்கிறது. ஆனால் அதைக் கஷ்டகாலத்தின் அடையாளம் என்று எண்ணிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்கிறோம். இது சரியல்ல. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தாத்தாவிடம் எரிபொருள் எப்படி ஆவியாகிறது என்று பேரன் கேட்டால், பாடப் புத்தகத்தில் உள்ளதை அவர் எஞ்சினைத் தொட்டுக் காட்டுவார்.

அதேநேரம் பழைய அறிவு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றவும் வேண்டாம். தடைக்காலத்தில் பிழைப்பதற்காகச் செய்தது வேறு, நல்ல காலத்தில் நிலைப்பதற்காகச் செய்வது வேறு. எது ஏன் வேலை செய்தது என்று அறிந்தால்தான் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியும்.

ஒரு யோசனையோடு முடிக்கிறோம். ஒரே ஊரில் பழைய வாகனம் வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஒன்று கூடலாம். தகரம் வெட்டும் கத்தரி, துளைக் கருவி, வால்வு இடைவெளி அளக்கும் தகடு, டயர்க் காற்று அளக்கும் கருவி ஆகியவற்றைப் பங்கு போட்டு வாங்கி ஒரு பெட்டியில் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அனுபவம் உள்ள பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, இளைஞர்களும் யுவதிகளும் செய்து பழகட்டும். முதல் நாள் வேலை தகரக் கூடு செய்வதாக இருக்கவேண்டாம். பெற்றோல் கசிவும் புகைக் கசிவும் பார்ப்பதாக இருக்கட்டும். அது சரியான வண்டிகளுக்கு மட்டும் கூட்டையும் கதவையும் பூட்டுங்கள், மூன்று தடவை அளந்து கணக்கெழுதுங்கள். மிச்சமான பெற்றோல் கொஞ்சமாக இருக்கலாம். கற்ற பிள்ளைகள் நாளை எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கைத்தொழில் அவர்களோடு போகும்.